கூச்ச சுபாவமுள்ள மகளை மே மாத வாலிபர் முகாமுக்கு அனுப்பலாமா?

பாளை_அம்மா

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஒரு விஷயத்தில் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன், அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். என் மகள் ஒன்பதாவது முடித்துவிட்டுப் பத்தாவது போகப் போகிறாள். படிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் வெளியே வாய் திறக்க மாட்டாள். வீட்டில் தம்பியோடு சண்டை போட்டால் தெரு முழுக்கக் கேட்கும், வாசலைத் தாண்டினால் குரலே வராது. விடை தெரிந்தும் வகுப்பில் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொள்கிறாள் என்று மிஸ் சொல்கிறார்கள். போன கிறிஸ்துமஸுக்கு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு வசனம் சொன்னார்கள். இவளுக்கு 23ஆம் சங்கீதத்தில் நாலு வரி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். மேடையில் மைக்கைப் பிடித்ததும் ‘கர்த்தர் என்’ என்பதோடு நின்றுவிட்டது, பக்கத்தில் நின்ற பிள்ளை முடித்து வைத்தாள். அன்றிலிருந்து ஆலயத்தில் பின் பெஞ்சுதான்.

இப்போது பல சேகரங்கள், அதாவது ஒரு போதகரின் கீழ் உள்ள சபைகள், சேர்ந்து மே முதல் வாரம் கொடைக்கானலில் முகாம் போடுகிறார்கள், எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கிறவர்களுக்கு. கொடை ரோடு வரை ரயில், அப்புறம் பஸ், நாலு இரவு தங்க வேண்டும். அவளாகவே வந்து “போகட்டுமாம்மா” என்று கேட்டாள், அதுதான் எனக்கு ஆச்சரியம். அவள் அப்பாவுக்கு மனமில்லை. மே மாதமே டியூஷனில் பத்தாவது போர்ஷனை ஆரம்பித்துவிடுவார்கள், பின்தங்கிவிடுவாள் என்கிறார். ஆச்சியோ பொம்பளைப் பிள்ளையை ராத்திரி வெளியே தங்க விடுவதா என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி மட்டும்தான், காலையில் போய் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவோம், ரஸ்னாவும் பிஸ்கட்டும் ஆக்‌ஷன் பாட்டும் ஞாபகம் இருக்கிறது. தங்கி நடக்கிற முகாமுக்கு நான் போனதே இல்லை. அங்கே விசுவாசம் உண்மையிலேயே வளருமா, இல்லை கடைசி நாள் அழுதுவிட்டு வீட்டுக்கு வந்ததும் பழையபடி ஆகிவிடுவார்களா? கூச்சப்படுகிற பிள்ளைக்கு அத்தனை பேர் நடுவில் பயம் இன்னும் கூடிவிடாதா? அனுப்புவதற்கு முன் எதையெல்லாம் கேட்க வேண்டும்?

முகாம்_அண்ணன்

அக்கா, அவளாகவே கேட்டாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதையே பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி நாட்களில் இருந்து முகாம்களில் வேலை செய்கிறேன், முதலில் தண்ணீர் தூக்குவது, பாய் விரிப்பது, அப்புறம் குழுத் தலைவர். கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிடுவாளோ என்று கேட்டீர்கள். முகாமில் நூறு பேர் இருந்தாலும் பிள்ளை வாழ்வது ஏழெட்டுப் பேரோடுதான். ஒரே அறை, ஒரே பந்தி, தட்டு கழுவுகிற வரிசையிலும் அதே ஆட்கள், வேதபாடம் முடிந்து வட்டமாக உட்கார்ந்து பேசுவதும் அவர்களோடுதான். அந்தக் குழுவுக்கு ஓர் அக்காவோ அண்ணனோ இருப்பார். முகாம் நல்லதா இல்லையா என்பதில் பெரும் பங்கு அந்த ஒரு ஆளைப் பொறுத்தது என்பது என் அழுத்தமான எண்ணம். மேடையில் யார் பிரசங்கிக்கிறார்கள் என்று பார்த்து அனுப்புகிறவர்கள்தான் அதிகம், குழுத் தலைவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். கிராமத்துப் பையன், கடுமையான திக்கு. பெயரைச் சொல்லச் சொன்னாலே முகம் சிவந்துவிடும். அவனுக்கு மணி அடிக்கிற வேலையைக் கொடுத்தோம். காலை ஐந்தரைக்கு எழுப்புகிற மணி, தியான வேளைக்கு, சாப்பாட்டுக்கு, விளையாட்டுக்கு, விளக்கணைக்க, எல்லாம் அவன் கையில். வாட்ச் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் பிசகாமல் அடிப்பான், பேச்சாளர் இன்னும் முடிக்கவில்லை என்றாலும் அடிப்பான். இரண்டு நாளில் முகாம் முழுக்க அவனைத் தெரியாத ஆளில்லை. மூன்றாம் நாள் எங்கள் குழுவில் யாத்திராகமம் 4ஆம் அதிகாரம் வந்தது, நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்று மோசே சொல்கிற பகுதி. யாரை வாசிக்கச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அவன் வேதாகமத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். விரலை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொரு எழுத்தாக வந்தான். “மனுஷனுக்கு வாயை உண்டாக்கினவர் யார்?” என்ற இடத்தில் ‘ம’விலேயே வெகு நேரம் நின்றது. மற்ற பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன், யாரும் அவனுக்காக வார்த்தையை முடிக்கக் கூடாது, எவ்வளவு நேரமானாலும் சரி. ஒருவரும் முடிக்கவில்லை, அவனே முடித்தான்.

திக்கு போய்விட்டது என்று நான் சாட்சி சொல்லவில்லை, இன்றைக்கும் திக்கும். ஆனால் அவன் சபையில் ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறான், திக்கிக்கொண்டே வாசிக்கிறான், சபையும் காத்திருக்கிறது. அதனால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கிறிஸ்துமஸ் மேடையில் நடந்ததை அவளுடைய குழுத் தலைவிக்கு முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுங்கள். அவளுக்கு மைக் கொடுக்க வேண்டாம், வேலை கொடுக்கச் சொல்லுங்கள்.

கோவை_அப்பா

நான் மாற்றுக் கருத்து சொல்லத்தான் எழுதுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். நாங்களும் விசுவாசக் குடும்பம்தான். என் மகனை ஏழாவது முடித்த விடுமுறையில் ஒரு முகாமுக்கு அனுப்பினோம், எந்த முகாம் என்று சொல்ல விரும்பவில்லை. கடைசி ராத்திரி கூட்டம், மெதுவாக கீபோர்டு, விளக்கைக் குறைத்துவிட்டு “இன்றிரவு நீ மரித்தால் எங்கே போவாய்” என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்டிருக்கிறார்கள். முன்னால் வராதவன் ஆண்டவரைத் தள்ளிவிட்டவன் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பையன் அழுதுகொண்டே போய் முழங்காலில் நின்றிருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் எங்களுக்கு ஒரே சந்தோஷம், விடிகாலையில் எழுந்து ஜெபம், போனில் இருந்த கேமையெல்லாம் அழித்தான், பக்கத்து வீட்டுப் பையனிடம் நீ நரகத்துக்குத்தான் போவாய் என்று சொல்லிச் சண்டை வேறு. பொங்கின பால் அடுப்பை அணைத்ததும் இறங்கிவிடுமே, அப்படித்தான் பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லாம் இறங்கிவிட்டது.

பழையபடி ஆகியிருந்தால் கூடப் பரவாயில்லை. அதைவிட மோசமாக ஆனது. நான் ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன், என்னை அவர் ஏற்க மாட்டார் என்று உள்ளுக்குள் வைத்துக்கொண்டு கோவிலுக்கே வர மறுத்தான். காரணம் எங்களுக்குத் தெரியவே பல மாதம் ஆயிற்று. அந்த முகாமில் அவன் பெயர், போன் நம்பர், ஆண்டவருக்குத் தன்னைக் கொடுத்ததாக எழுதுகிற ஒப்புக்கொடுத்தல் அட்டை எல்லாம் வாங்கினார்கள், ஒருவர் கூட ஒரு தடவை கூப்பிட்டு எப்படி இருக்கிறாய் தம்பி என்று கேட்கவில்லை. அண்ணன் சொன்ன மணி அடிக்கிற பையன் கதை மனதைத் தொட்டது, ஆனால் எல்லா முகாமும் அப்படி நடப்பதில்லை என்பதையும் அந்தம்மா தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐயரம்மா

கோவை பிரதர் எழுதியதை வாசித்து மனது கஷ்டமாக இருக்கிறது. பிள்ளையைப் பயமுறுத்தி வாங்குகிற ஒப்புக்கொடுத்தலை நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறபோது “தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்” என்கிறார். தெளிந்த புத்தி என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறார், பாருங்கள். அழுகையும் வரட்டும், அதோடு தெளிவும் வர வேண்டும்.

உங்கள் மகனுக்கு மாற்கு 9ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டியிருக்கிறீர்களா? இயேசுவின் தோற்றம் மாறின மறுரூப மலையில் மூன்று கூடாரம் போட்டு அங்கேயே இருந்துவிடலாம் என்று பேதுருவுக்கு ஆசை. இறங்கி வந்ததும் எதிரே நிற்பது நோய்வாய்ப்பட்ட ஒரு பையனும் அவன் தகப்பனும்தான். “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று அந்தத் தகப்பன் கண்ணீரோடு சொல்கிறான். பாதி விசுவாசம், பாதி சந்தேகம், அதையும் அவர் தள்ளவில்லை, பையனைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். ஒரு மாதத்தில் ஜெபம் நின்றுபோனதற்காக யாரையும் தள்ளிவிடுகிறவர் அவர் இல்லை என்று பையனுக்கு யாராவது சொல்ல வேண்டும். முகாமில் சொல்லியிருக்க வேண்டியது, சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

எங்கள் சேகரத்தில் செய்வதைச் சொல்கிறேன். முகாமை மே முதல் வாரத்தில் வைத்துவிட்டு அதன் பிறகு வி.பி.எஸ். வைக்கிறோம். முகாமுக்குப் போய் வந்த பிள்ளைகளையே சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு உதவியாக விடுகிறோம். நாலு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு இந்த அக்கா கூச்சப்படுகிறவள், இந்த அண்ணனுக்குப் பாட வராது என்றெல்லாம் தெரியாது, மடியில் வந்து உட்கார்ந்து கதை சொல்லு என்பார்கள். கேட்டதைப் போய் இன்னொரு பிள்ளைக்குச் சொல்லும்போதுதான் தனக்குள்ளேயே பதிகிறது. பெரியவர்களுக்கு ஒரு பழைய செய்தி நினைவிருக்கும், 1950களின் கடைசியில் நம் பக்கத்து வி.பி.எஸ். ஊழியத்தில் சேர்ந்த வாலிபர்களின் ஜெபக் குழுக்களில் இருந்துதான் பிரெண்ட்ஸ் மிஷனெரி பிரேயர் பேண்ட் முளைத்தது, வடநாட்டு மலை கிராமங்கள் வரை மிஷனெரிகளை அனுப்பியது. அவர்களும் மே மாத வெயிலில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த வாலிபர்கள்தான்.

பாளை சிஸ்டர், முகாமில் இருந்து வந்த பிறகு இவளை யார் கவனிப்பார்கள் என்று இப்போதே கேளுங்கள். அதற்குப் பதில் இல்லை என்றால் முகாம் எவ்வளவு நன்றாக நடந்தாலும் பாதிதான்.

நாசரேத்_டீச்சர்

பத்தாவது பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், நான் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள். மே மாதத்தில் ஒரு வாரம் போவதால் எந்தப் பிள்ளையும் பின்தங்காது. அவள் அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

தன்னம்பிக்கை பற்றி. பி.எட். படித்தவர்கள் மனோதத்துவ அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். என்னால் இதைச் செய்ய முடியும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று 1977இல் ஒரு கட்டுரையில் எழுதினார். தானே ஒன்றைச் செய்து முடித்துப் பார்ப்பதுதான் அதில் முதலாவது, மற்ற எல்லாவற்றையும்விட வலுவானது. தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது அடுத்தது. உன்னால் முடியும் என்று யாராவது சொல்வது அதற்கும் பிறகுதான், உடம்பில் படபடப்பு அடங்கியிருப்பதும் ஒரு காரணம். நாம் வீட்டிலும் பள்ளியிலும் தலைகீழாகச் செய்கிறோம், உன்னால் முடியும் முடியும் என்று வாயால் சொல்லிக்கொண்டே இருக்கிறோம், செய்ய ஒன்றும் கொடுப்பதில்லை. முகாமில் பதினான்கு வயதுப் பெண் தன் துணியைத் தானே துவைக்கிறாள், அறையைப் பெருக்குகிறாள், தன் குழுவில் எல்லோரும் சாப்பிட்டார்களா என்று பார்க்கிறாள், தன்னைவிட ஒரே ஒரு வயது பெரிய பெண் எழுந்து சாட்சி சொல்வதைப் பார்க்கிறாள். மணி அடித்த பையனுக்கு நடந்ததும் இதுதான்.

இந்த மாதிரி ஊழியம் எப்படி ஆரம்பித்தது என்பதிலும் எனக்கு ஒரு காட்சி ரொம்பப் பிடிக்கும். ஜோசையா ஸ்பையர்ஸ் என்பவர் 1868இல் வேல்ஸ் நாட்டில் லாண்டட்னோ கடற்கரைக்கு விடுமுறைக்குப் போனார். அந்தக் காலத்தில் ஓய்வுநாள் பள்ளியைத் தவிரப் பிள்ளைகளுக்கென்று தனிக் கூட்டமெல்லாம் அபூர்வம், பெரியவர்கள் ஆராதனையில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அவர் மணலில் ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ என்று பெரிதாக எழுதிவிட்டு, அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் இந்த எழுத்துகளை அலங்கரியுங்கள் என்றார். பிள்ளைகள் கூழாங்கல்லையும் கடல்பாசியையும் பொறுக்கி வந்து வைத்தார்கள், அப்புறம்தான் அவர் கதை சொன்னார். ஸ்கிரிப்சர் யூனியன் என்று நாம் இன்று சொல்கிற இயக்கம் அந்த ஊழியத்தில் இருந்து வளர்ந்தது. பிள்ளையின் கையில் முதலில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்திருக்கிறார்.

வடக்கன்குளம்_ஆர்சி

நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் பக்கம் கொஞ்சம் வேறு மாதிரி. இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தின் முகாம்களுக்குப் போயிருக்கிறேன். கர்தினால் கார்டைன் பெல்ஜியத்தில் தொழிலாளர் பிள்ளைகளோடு ஆரம்பித்த முறை, பார், சீர்தூக்கு, செயல்படு என்பது. ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்வோம், எங்கள் முகாமில் ஊர்க் குளத்தில் குப்பை கொட்டுவது. போய்ப் பார்த்தோம், நற்செய்தியின் வெளிச்சத்தில் பேசினோம், ஊர்த் தலைவரிடம் மனு கொடுக்கப் போனோம். மனுவை வாசித்தது என் வகுப்பிலேயே அதிகம் பேசாத பெண். கோவை அண்ணன் சொல்கிற மாதிரி அழுகை ராத்திரி எங்களுக்கு இல்லை, ஒரு மணி நேரம் நற்கருணை முன் மௌனமாக உட்காருவோம், விரும்பியவர்கள் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்வார்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு அந்த மௌனம் பெரிய ஆறுதல், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

இரு_பிள்ளைகளின்_தாய்

பாதுகாப்பு பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். நான் வழக்கறிஞர், சபையிலும் பொறுப்பில் இருக்கிறேன். விசுவாசிகள் நடத்துகிற முகாம்தானே என்று கேள்வி கேட்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. இங்கிலாந்தில் ஐவர்ன் முகாம்கள் என்று நாஷ் என்ற போதகர் நடத்தியவை மிகவும் பெயர் பெற்றவை, ஜான் ஸ்டாட் போன்ற பெரிய வேத ஆசிரியர் 1938இல் அந்த நாஷ் மூலமாகத்தான் ஆண்டவரிடம் வந்தார், பிறகு அந்த முகாம்களில் உதவியும் செய்தார். அதே முகாம்களில் பிற்காலத்தில் பொறுப்பில் இருந்த ஜான் ஸ்மித் என்ற வழக்கறிஞர் வாலிபர்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் ஒழுக்கம் கற்பிக்கிறேன் என்று இரத்தம் வரும்வரை பிரம்பால் அடித்திருக்கிறார். 1982லேயே உள்ளுக்குள் அறிக்கை எழுதப்பட்டும் மூடி மறைத்துவிட்டார்கள். அவர் ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கேயும் முகாம் நடத்தினார், 2018இல் தண்டனை இல்லாமலே இறந்தார். பாதிக்கப்பட்டவர்கள் நூறுக்கும் மேல் என்று 2024 நவம்பரில் இங்கிலாந்து திருச்சபைக்காக நடந்த மேக்கின் விசாரணை அறிக்கை சொன்னது, அதே மாதம் அந்தத் திருச்சபையின் தலைமைப் பேராயரான கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். ஊழியத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்று மூடினார்கள், அதனால் எத்தனை பிள்ளைகள் அடிபட்டார்கள்.

ஆகவே வெட்கப்படாமல் கேளுங்கள் சிஸ்டர். பெண் பிள்ளைகள் தங்குகிற கட்டடத்தில் இரவில் எந்தப் பெண்கள் தங்குகிறார்கள், அவர்கள் யார், சபைக்கு அவர்களை எத்தனை வருஷமாகத் தெரியும்? தனியாக ஆலோசனை, தனியாக ஜெபம் என்று பிள்ளையை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்துகிற பழக்கம் உண்டா? பேச வேண்டும் என்றால் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் தள்ளி உட்கார்ந்து பேசலாம். பிள்ளை நினைத்தால் வீட்டுக்குப் போன் பண்ண முடியுமா? போனை வாங்கி வைப்பது நல்லதுதான், ஆனால் கேட்டால் பேச விட வேண்டும். பக்கத்தில் மருத்துவமனை எது, மலையேற்றத்துக்கு யார் கூட வருகிறார்கள்? 2012 போக்சோ சட்டத்தின்படி பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். இது பொறுப்பாளர்களுக்குத் தெரியுமா என்றும் கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மகளுக்குச் சொல்லி வையுங்கள். நல்ல ஊழியக்காரர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள், கோபப்பட்டால் அனுப்பாதீர்கள்.

முகாம்_அண்ணன்

அக்கா எழுதிய ஒவ்வொரு வரியும் சரி.

வேலூர்_நர்ஸ்

இந்த இழையை ஆரம்பத்தில் இருந்து வாசித்தேன். பாளை அக்கா, நான்தான் உங்கள் மகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வயதில் அப்படியே இருந்தேன், அதனால் அங்கே உள்ளே நடப்பதை எழுதுகிறேன், பொறுப்பாளர்களுக்குத் தெரியாத விஷயங்கள் இவை.

முதல் ராத்திரி அழுகை வரும். வந்தே தீரும். போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு நாளைக்கே வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று இருக்கும். கொடைக்கானல் குளிர் வேறு, நம் ஊர் வெயிலில் இருந்து போகிற பிள்ளைக்குத் தண்ணீரைத் தொட்டாலே கை விறைக்கும். எங்கள் குழு அக்கா ஒன்றும் பேசாமல் என் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தன் வேதாகமத்தை டார்ச் வெளிச்சத்தில் வாசித்துக்கொண்டிருந்தார்கள், நான் தூங்கும் வரை. காலையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆண்டவர் என்னைப் பார்த்துக்கொள்கிறார் என்று அதுவரை நான் பாட்டில்தான் பாடியிருந்தேன்.

பெரிய இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்துப் பெண்கள் வருவார்கள், நல்ல ஸ்வெட்டர், நல்ல ஷூ, வேகமாக ஆங்கிலம் பேசுவார்கள். இரண்டு நாள் ஒதுங்கித்தான் இருப்போம். தட்டு கழுவுகிற இடத்தில்தான் பழக்கம் ஆனது. அவர்களுக்குச் சாம்பல் போட்டுத் தேய்க்கத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. மாதவிலக்கு நாட்கள் வந்தால் யாரிடம் கேட்பது என்ற பயம் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் இருக்கும், வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். பையிலேயே நாப்கின் கட்டாயம் வைத்து அனுப்புங்கள், குழு அக்காவிடம் கேட்கலாம் என்று நீங்களே சொல்லி அனுப்புங்கள்.

தைரியம் எப்படி வந்தது என்று யோசித்தால் எனக்கு அது ஜெபத்தில் வந்தது. வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வரி ஜெபிக்கச் சொல்வார்கள், விரும்பாதவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையை லேசாக அழுத்தினால் போதும், முறை அடுத்தவருக்குப் போய்விடும். முதல் நாட்களில் நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். அப்புறம் ஒரு காலை யோசித்தேன், எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள், ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, நான் பேசுவதும் இவர்களிடம் இல்லை. “ஆண்டவரே, எங்கள் அப்பா கடனை அடைக்க உதவி செய்யும்” என்று சொன்னேன். வீட்டில் கூட அதை நான் சத்தமாகச் சொன்னதில்லை. என் குரலை நானே முதல் தடவை கேட்ட மாதிரி இருந்தது. மத்தியானம் ஒரு பெண் வந்து எங்கள் அப்பாவுக்கும் கடன்தான் என்றாள். கடைசி நாள் சாப்பாட்டு ஜெபம் என்னைச் செய்யச் சொன்னார்கள், எல்லோர் முன்னாலும். செய்தேன், இரண்டே வரி.

இப்போது வார்டில் வேலை. மருந்துச் சீட்டில் அளவு தவறாக இருந்தால் பெரிய டாக்டரிடம் போய், சார், இதை ஒரு தடவை பாருங்கள் என்று சொல்லியாக வேண்டும், நோயாளியின் உயிர். சொல்கிறேன். கால் நடுங்கும், ஆனாலும் சொல்லிவிடுவேன். கூச்சம் இன்னும் இருக்கிறது, அதோடுதான் வேலை செய்கிறேன்.

கோவை_அப்பா

நர்ஸ் சிஸ்டர் எழுதியதை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். ஐயரம்மா, மாற்கு 9ஐ நேற்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் வாசித்தோம், மகன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தான். முகாம் அண்ணனிடம் ஒரு கேள்வி. உங்கள் முகாமில் கடைசி ராத்திரி என்ன செய்கிறீர்கள்?

முகாம்_அண்ணன்

கேம்ப் ஃபயர், பாட்டு, டேலன்ட் நிகழ்ச்சி, சிரிப்பு, அவ்வளவுதான் பிரதர். ஒப்புக்கொடுத்தலுக்கு ராத்திரியில் அழைப்பு கொடுப்பதை நிறுத்திவிட்டோம். பிள்ளைகள் நாலு நாள் தூக்கம் குறைந்து, நாளைக்குப் பிரியப்போகிறோமே என்ற துக்கத்தில் இருப்பார்கள், அந்த நேரத்தில் என்ன கேட்டாலும் அழுவார்கள். அது ஆவியானவரின் கிரியையா, களைப்பா என்று அவர்களுக்கே தெரியாது. நாங்கள் மறுநாள் காலை உணவுக்குப் பிறகு, வெயில் வந்த பிறகு, ஒரு மணி நேரம் தனியாக விடுகிறோம். தோட்டத்தில் எங்கேயாவது உட்கார்ந்து ஆண்டவருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்வோம். எழுத விருப்பமில்லாதவர்கள் சும்மா உட்காரலாம். எழுதியதை ஒட்டி அவர்களே வைத்துக்கொள்வார்கள், நாங்கள் வாங்குவதில்லை. யாராவது ஞானஸ்நானம், அதைச் சபையில் உறுதிப்படுத்துகிற திடப்படுத்தல் பற்றிப் பேச வேண்டும் என்றால் அவர்களுடைய போதகரிடம் அனுப்புகிறோம். குழுத் தலைவர்கள் ஜூன், ஜூலையில் ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும், தூரமாக இருந்தால் பெற்றோர் மூலமாகப் போனில். இதற்குச் சம்மதிக்காதவர்களைத் தலைவராக எடுப்பதில்லை. அதனால் ஆட்கள் குறைவாகத்தான் கிடைக்கிறார்கள், பிள்ளைகளையும் குறைவாகத்தான் சேர்க்கிறோம்.

உங்கள் மகனோடு பேச வேண்டும் என்றால், அவன் விரும்பினால் மட்டும், நீங்களும் பக்கத்தில் இருக்க நான் பேசுகிறேன்.

பாளை_அம்மா

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வழக்கறிஞர் சிஸ்டர் எழுதிய கேள்விகளைப் பேப்பரில் எழுதிக்கொண்டு போய் நேற்று பொறுப்பாளர்களிடம் கேட்டேன். ஒருவர் முதலில் கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் பெண்கள் பகுதிக்குப் பொறுப்பான டீச்சரம்மா உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார்கள். இரவில் யார் யார் தங்குகிறார்கள் என்று பெயர்ப் பட்டியலே காட்டினார்கள். தினமும் சாயங்காலம் பிள்ளைகள் விரும்பினால் வீட்டுக்குப் பேசலாமாம். முகாமுக்குப் பிறகு யார் கவனிப்பார்கள் என்று கேட்டதற்குத்தான் தெளிவான பதில் இல்லை. அதற்கு நானே எங்கள் ஐயரிடம், எங்கள் சபைப் போதகரிடம், பேசப் போகிறேன்.

குழு அக்காவையும் பார்த்தேன், கல்லூரி முடித்த பிள்ளை. கிறிஸ்துமஸ் விஷயத்தைச் சொன்னேன். மைக் இல்லை, வேலைதான் என்று நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள், அக்கா, பாட்டுப் புத்தகம் கொடுத்து வாங்குகிற பொறுப்பு இருக்கிறது, அதை அவளுக்கு வைக்கிறேன் என்றாள்.

இவளிடமும் கேட்டேன், எங்கேயும் வர மாட்டேன் என்கிறவள் இதற்கு மட்டும் ஏன் போகிறேன் என்கிறாய் என்று. “அங்க வர்ற முக்கால்வாசிப் பேருக்கு என்னையத் தெரியாதும்மா” என்றாள். இங்கே எல்லோரும் இவளைப் பேசாத பிள்ளை என்றே தீர்மானித்துவிட்டோம், நானும்தான் வருகிறவர்களிடம் எல்லாம் அப்படியே சொல்லி வைத்திருக்கிறேன். அவள் அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கணக்குப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு போகட்டும் என்று சொல்லிவிட்டார், டீச்சர் சொன்னதையும் காட்டினேன். ஆச்சிதான் இன்னும் இறங்கவில்லை.

நாசரேத்_டீச்சர்

கணக்குப் புத்தகத்தைத் திறக்க நேரம் இருக்காது, இருந்தாலும் வைத்தனுப்புங்கள், அப்பாவுக்கு நிம்மதி. ஆச்சியை அந்த டீச்சரம்மாவோடு போனில் பேச வையுங்கள், எங்கள் வீட்டில் அது பலித்தது.

முகாம்_அண்ணன்

தனி வண்டி பிடித்து வழியனுப்பப் போவதாக இருந்தால் கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே மாதத்தில் இருந்து அப்படி. பிள்ளைகளோடு அரசு பஸ்ஸில் போனால் அது தேவையில்லை. ஸ்வெட்டர், கனமான போர்வை, டார்ச், பெயர் எழுதிய தட்டு, டம்ளர். பெயர் எழுதாத டம்ளர் வீட்டுக்குத் திரும்பி வராது. மலைப் பாதையில் வாந்தி வருகிற பிள்ளை என்றால் பஸ் ஏறுவதற்கு முன் லேசாக இட்லி மட்டும்.

ஐயரம்மா

சிஸ்டர், பிறகு கவனிக்க ஆள் இல்லை என்று எழுதினீர்களே. உங்கள் சேகரத்தில் வி.பி.எஸ். எப்போது என்று கேளுங்கள். முகாமுக்குப் பிறகு என்றால் கிராஃப்ட் வகுப்புக்கு உதவியாக இவள் பெயரை இப்போதே கொடுத்துவிடச் சொல்லுங்கள், கத்தரிக்கோலும் பசையும் கையில் இருந்தால் பிள்ளைகளோடு பேச்சு தானாக வந்துவிடும். அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள், எங்களுக்கு மே மூன்றாம் வாரம்தான், ஆரம்ப வகுப்புக்கு ஆள் பற்றாக்குறை, பாளையில் இருந்து பஸ்ஸில் வந்து போகிற தூரம்தான்.